கம்பியில்லாமல் மணி அடித்தவர்

 

இன்னிக்கு கள்ளக்குறிச்சியில் எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனால் ரிமோட்டில் எரியும் பல்பு கிடைக்கிறது. கட்டிலில் படுத்தபடியே பட்டனை அமுக்கினால் எரிகிறது, மறுபடி அமுக்கினால் அணைகிறது. இன்னும் கொஞ்சம் காசு போட்டால் செல்போனிலேயே கலர் மாற்றலாம். கம்பியும் இல்லை, சுவரில் ஸ்விட்சும் இல்லை. தூரத்தில் இருந்துகொண்டு கம்பியில்லாமல் ஒரு பொருளை வேலை வாங்க முடியும் என்று ஊரறியச் செய்து காட்டிய முன்னோடிகளில் ஒருவர் யார், சொல்லுங்க பார்ப்போம்? அமெரிக்காக்காரர், ஜப்பான்காரர் என்றுதான் பெரும்பாலும் வாய் வரும். அவர் நம்ம நாட்டுக்காரர். வருஷம் 1895. இடம் கல்கத்தா. பெயர் ஜகதீஷ் சந்திர போஸ்.

போஸ் என்றதும் நேதாஜி நினைவுக்கு வருவார். பாடப் புத்தகம் படித்தவர்களுக்குச் செடிக்கும் உணர்ச்சி உண்டு என்று காட்டிய தாவர விஞ்ஞானி நினைவுக்கு வருவார். அந்தத் தாவர விஞ்ஞானிதான் இவர். ஆனால் செடி பக்கம் போவதற்கு முன்னால் அவர் நம்ம ஆள்! அதாவது எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் ஆள். எலக்ட்ரானிக்ஸ் என்ற துறையே பிறக்காத காலத்தில் அந்த வேலையைச் செய்தவர். மூன்றாம் ஆண்டு புராஜெக்டுக்காக நாங்க நாலு பேர் கல்வராயன் மலையில் ஒரு வீட்டுக்கு ரிமோட் விளக்கு செய்தோம். அதற்காகப் படிக்கப் போய்த்தான் இந்த மனிதரின் வாழ்க்கை எனக்குக் கிடைத்தது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

பட்டறைக்குள் வளர்ந்த பிள்ளை

1858 நவம்பர் 30 அன்று, இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் மைமன்சிங்கில் பிறந்தார் போஸ். அப்பா பகவான் சந்திர போஸ் அரசாங்கத்தில் டெபுடி மாஜிஸ்திரேட். அந்தப் பதவியில் இருப்பவர் மகனை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் போடுவதுதான் அன்றைய வழக்கம். பகவான் சந்திரர் அப்படிச் செய்யவில்லை. பிள்ளை முதலில் தாய்மொழி படிக்கட்டும், தன் ஜனங்களைத் தெரிந்துகொள்ளட்டும் என்று வங்காளிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அங்கே பக்கத்தில் உட்கார்ந்து படித்தது யார் தெரியுமா? ஒரு பக்கம் அப்பாவிடம் சேவகம் பார்த்த முஸ்லிம் ஒருவரின் மகன். மறுபக்கம் மீனவர் வீட்டுப் பையன். மீனும் பறவையும் பாம்பும் பற்றி அவர்கள் சொன்ன கதைகளைக் கேட்டுத்தான் இயற்கை மீது ஆசையே வந்தது என்று போஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இன்னொரு விஷயமும் உண்டு. பாலிடெக்னிக் மாணவர்கள் இதைக் கட்டாயம் தெரிஞ்சுக்கணும். பர்துவானில் விஷக்காய்ச்சல் பரவிப் பல பிள்ளைகள் அநாதைகளானபோது, பகவான் சந்திரர் தான் குடியிருந்த வீட்டு வளாகத்திலேயே பட்டறை போட்டார். தச்சு வேலை, கடைசல், வார்ப்பு என்று அந்தப் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுக்க வைத்தார். அந்தப் பட்டறையில் போஸும் சுற்றிச் சுற்றி வந்தார். அங்கிருந்தவர்கள் துணையோடு பித்தளையில் ஒரு சின்ன பீரங்கியே வார்த்தாராம். ஒர்க்‌ஷாப் பாடம் எதுக்கு, எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவனுக்கு அரம் எதுக்கு என்று முதலாம் ஆண்டில் முகம் சுளிக்கிறோமே, அந்த மகானின் முதல் பல்கலைக்கழகமே ஒரு ஒர்க்‌ஷாப்தான்!

1869-ல் கல்கத்தா வந்து ஹேர் பள்ளியிலும் பிறகு செயின்ட் சேவியர் பள்ளியிலும் படித்தார். செயின்ட் சேவியர் கல்லூரியில் லஃபோன் என்ற பாதிரியார் இயற்பியலைச் செய்து காட்டியே பாடம் நடத்தினார். கருவி மீது காதல் வந்தது அங்கேதான். 1880-ல் டாக்டர் ஆக வேண்டும் என்று லண்டன் கப்பல் ஏறினார். ஏற்கனவே பற்றியிருந்த காய்ச்சல் அங்கே போயும் விடவில்லை. பிணம் அறுக்கும் அறையின் வாடை பட்டு இன்னும் மோசமானது. மருத்துவத்தை விட்டுவிட்டுக் கேம்பிரிட்ஜ் போய் இயற்கை விஞ்ஞானம் படித்தார். 1884-ல் கேம்பிரிட்ஜ் பட்டமும் லண்டன் பல்கலைக்கழகப் பட்டமும் ஒருசேரக் கிடைத்தன. சேர்ந்த குரூப் கிடைக்கலை, விரும்பின படிப்பு போச்சு என்று கலங்கி நிற்கும் நண்பர்களே, கவனியுங்கள். வழி மாறியதால்தான் அவர் வழிகாட்டி ஆனார்.

மூன்று ஆண்டு சம்பளம் வாங்காத வாத்தியார்

1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் வேலை கிடைத்தது. அப்போது நடைமுறை என்னவென்றால், அதே வேலை பார்க்கும் ஐரோப்பியர் வாங்கும் சம்பளத்தில் இந்தியருக்கு மூன்றில் இரண்டு பங்குதான். போஸின் நியமனம் தற்காலிகம் என்பதால் அதிலும் பாதி. ஆக, மூன்றில் ஒரு பங்கு!

வெள்ளைக்காரன் ஆட்சி. வீட்டில் கடன். அப்பா நாட்டுத் தொழில்களில் போட்ட பணம் நஷ்டமாகி, குடும்பம் தத்தளித்துக்கொண்டிருந்தது. யாராக இருந்தாலும் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்வார்கள். போஸ் வேறு வழி எடுத்தார். வேலையை விடவில்லை, சண்டை போடவில்லை. வகுப்பு ஒன்று விடாமல் எடுத்தார். ஆனால் சம்பளத்தை மட்டும் வாங்கவே இல்லை. ஒரு மாசம் ரெண்டு மாசம் இல்லைங்க, முழுசா மூன்று ஆண்டு!

இதற்கிடையில் 1887-ல் கல்யாணம். மனைவி அபலா நம்ம சென்னையில் மருத்துவம் படித்தவர். அன்றைக்குக் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பெண்களைச் சேர்க்கவில்லை. அதனால் 1882-ல் சென்னைக்கு வந்து படித்தார். உடம்பு சரியில்லாமல் போனதால் முடிக்க முடியவில்லை. பின்னாளில் வங்காளத்தில் பெண்கல்விக்காகவும் விதவைப் பெண்களுக்காகவும் பாடுபட்டவர் இந்த அபலாதான். சம்பளம் இல்லாத வீட்டைக் கட்டிக் காத்த பெருமையிலும் அவருக்குப் பாதிப் பங்கு உண்டு.

கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. முழுச் சம்பளம் என்று முடிவாகி, மூன்று ஆண்டு பாக்கியும் சேர்ந்தே கிடைத்தது. அந்தப் பணத்தைக் கொண்டுபோய் அப்பாவின் கடனை அடைத்தார். தனக்குத் தகுதி இருக்கிறது என்று அவர் கூட்டம் போட்டுச் சொல்லவில்லை, வேலையால் சொன்னார்.

24 சதுர அடியில் ஒரு லேப்

1888 வாக்கில் ஜெர்மனியில் ஹைன்ரிச் ஹெர்ட்ஸ், மின்பொறியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அலைகள் கிளம்பிக் காற்றில் போகின்றன என்று நிரூபித்துவிட்டார். நாம் வாய் ஓயாமல் சொல்லும் மெகாஹெர்ட்ஸ், ஜிகாஹெர்ட்ஸ் எல்லாம் அவர் பெயர்தான். 1894 தொடக்கத்தில் இளம் வயதிலேயே அவர் இறந்துபோனார். அதே 1894-ல், நவம்பர் 30 அன்று தன் 36-வது பிறந்தநாளில், இனி ஆராய்ச்சியே வாழ்க்கை என்று போஸ் முடிவெடுத்தார்.

கல்லூரியில் அவருக்கென்று லேப் கிடையாது. குளியலறையை ஒட்டி இருந்த 24 சதுர அடி அறைதான் கிடைத்தது. நம்ம ஹாஸ்டலில் ரெண்டு கட்டில் போட்டால்கூட அதைவிட அதிக இடம் பிடிக்கும். துணைக்கு இருந்தவர் தகர வேலை செய்யும் ஒரு தொழிலாளி. ஆராய்ச்சிக் கருவி செய்யப் பழகியவர் அல்ல. பகலெல்லாம் வகுப்பு, மிச்ச நேரம் ஆராய்ச்சி. செலவு சொந்தக் காசு.

ஹெர்ட்ஸின் அலைகள் நீளமானவை. அவற்றை வளைத்துப் பார்க்கவும் திருப்பிப் பார்க்கவும் பிரம்மாண்டமான சாமான்கள் வேண்டும். இடம் சின்னது என்றால் அலையையும் சின்னதாக்கு! அலைநீளத்தை 5 மில்லிமீட்டர் அளவுக்குக் குறுக்கினார் போஸ். கணக்குப் போட்டுப் பாருங்கள், 60 ஜிகாஹெர்ட்ஸ் வரும். கருவி முழுவதும் ஒரு மேஜைக்குள் அடங்கிவிட்டது. இன்றைக்கு ஹார்ன் ஆன்டெனா என்று நாம் மைக்ரோவேவ் பாடத்தில் படிப்பதை அவர் அன்றைக்கே உலோகத்தகட்டில் செய்தார். அலையின் துருவமாக்கலைச் சோதிக்க எதைப் பிடித்தார் தெரியுமா? ரயில்வே கால அட்டவணைப் புத்தகம்! பக்கத்துக்குப் பக்கம் ஈயத்தாளை வைத்துவிட்டால் அதுவே துருவமாக்கி. முறுக்கிய சணலையும் விட்டுவைக்கவில்லை. வங்காளத்தில் சணலுக்கா பஞ்சம்! காம்பொனென்ட் இல்லை, அதனால் புராஜெக்ட் நடக்கலை என்று சொல்லும் பழக்கம் நமக்கு உண்டு. இனிமேல் சொல்லும்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கும்.

மூன்று சுவர் தாண்டி

1895-ல் கல்கத்தாவில் பொதுமக்கள் முன்னால் செய்து காட்டினார். ஒரு அறையில் அலை அனுப்பும் கருவி. 75 அடி தள்ளி வேறொரு அறையில் அலை வாங்கும் கருவி. நடுவில் மூன்று சுவர்கள். தலைமை வகிக்க வந்த லெப்டினன்ட் கவர்னரும் அலை போகும் வழியிலேயே இருந்தார். இங்கே போஸ் கருவியை இயக்கினார். அங்கே மணி அடித்தது! துப்பாக்கி வெடித்தது! வைத்திருந்த வெடிமருந்தும் வெடித்தது! சுவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கவர்னருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நியூயார்க்கில் டெஸ்லா ரேடியோ மூலம் குட்டிப் படகை ஓட்டிக் காட்டியது 1898-ல். டி.வி.க்குக் கம்பியில்லா ரிமோட் கடைக்கு வந்தது 1955-ல்.

இங்கே ஒரு நுணுக்கத்தை நாம் பிடிச்சுக்கணும். துப்பாக்கி வெடிக்கத் தேவையான சக்தியை அந்த அலை சுமந்து போகவில்லை. அவ்வளவு தூரம் போகும்போது அலை மெலிந்து, கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போய்விடும். வாங்கும் பக்கத்தில் கோஹியரர் என்ற சாதனம் இருந்தது. 1890-ல் பிரான்சில் பிரான்லி கண்டது, உலோகத்தூள் அடைத்த கண்ணாடிக் குழாய். அலை படாதவரை அதில் மின்சாரம் ஓடாது. அலை பட்டதும் தூள் ஒன்றோடொன்று ஒட்டி வழி விடும். அந்த வழியில், அங்கேயே இருக்கும் பாட்டரியின் மின்சாரம் ஓடி மணியை அடிக்கும். அலை கொடுப்பது சைகை மட்டும்தான். வேலை செய்வது அந்த இடத்திலேயே காத்திருக்கும் சக்தி.

பிரான்லியின் குழாயில் ஒரு தொல்லை. ஒருமுறை ஒட்டிய தூளைத் தட்டி உதிர்த்தால்தான் அடுத்த சைகை கேட்கும். தூளுக்குப் பதிலாகச் சின்னச் சின்ன எஃகுச் சுருள்வில்களை அடுக்கி, அழுத்தத்தைத் திருகால் சரிசெய்யும்படி போஸ் மாற்றினார். தட்டாமலே அது பழைய நிலைக்குத் திரும்பியது. அனுப்பும் பக்கத்தைப் பலரும் பெரிதாக்கிக்கொண்டிருந்த காலத்தில், கேட்கும் பக்கத்தைக் கூர்மையாக்கியவர் அவர்.

கல்வராயன் மலையில் ஒரு திண்ணை விளக்கு

இதைத்தான் நாங்க மலையில் கண்ணால் பார்த்தோம். எங்கள் குழுவில் ஒருவன் வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சின்ன ஊர்க்காரன். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக மலை ஏறணும். மரவள்ளி போடும் குடும்பம். ரெண்டாம் ஆண்டில் ரெண்டு அரியர் விழுந்ததும், இந்த எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இல்லடா, நான் நின்னுடறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் வீட்டில் ஆயாவுக்கு முட்டி வலி. விளக்கு ஸ்விட்ச் திண்ணைச் சுவரில். ராத்திரி எழுந்தால் இருட்டில் தடவிக்கொண்டு வெளியே போய்த்தான் போடணும். பூச்சி பொட்டு நடமாடும் இடம். அந்த விளக்கையே புராஜெக்டாக எடுத்தோம்.

எந்த ரிமோட் என்பதில்தான் யோசனை. வை-ஃபை பல்பு என்றால் ஹோல்டரில் மாட்டி, சில தடவை போட்டு அணைத்துச் சிமிட்ட வைத்து, போனில் ஆப் இறக்கி, 2.4 ஜிகாஹெர்ட்ஸ் ரவுட்டரோடு சேர்க்கணும். ரவுட்டருக்கு எங்கே போவது? அந்த வீட்டில் போனில் ஒரு கட்டை சிக்னல் வருவதற்கே பாறை மேல் ஏறணும். டி.வி. ரிமோட் மாதிரி அகச்சிவப்பு ஒளி என்றால் நேருக்கு நேர் இருக்கணும், சுவர் தாண்டாது. ஆக, போஸ் வழிதான் நம்ம வழி! 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ. அலைநீளம் சுமார் 69 சென்டிமீட்டர், அதில் கால் பங்கு 17 சென்டிமீட்டர் கம்பி ஆன்டெனா. மண் சுவரைத் தாண்டி வருகிறது.

அனுப்பும் பக்கம் எச்.டி. 12ஈ, வாங்கும் பக்கம் எச்.டி. 12டி என்ற ஐ.சி.கள். இரண்டிலும் 8 பிட் முகவரி ஒன்றாக இருந்தால்தான் கதவு திறக்கும். வந்த முகவரியை அந்த ஐ.சி. மூன்று முறை சரிபார்த்த பிறகே கட்டளையை ஏற்கும். பக்கத்து வீட்டில் வேறு ரிமோட்டை அமுக்கினாலும் நம்ம விளக்கு எரியாது. கட்டளை ஒரு டிரான்சிஸ்டரைத் தட்டும், டிரான்சிஸ்டர் ரிலேயைத் தட்டும், ரிலே 230 வோல்ட்டை விளக்குக்கு விடும். ஆயா கையில் இருக்கும் குட்டி பாட்டரி விளக்கை எரிப்பதில்லை. எரிப்பது சுவருக்குள் காத்திருக்கும் மின்சாரம். போஸின் மணி கதையேதான் இது!

செய்யப்போகும் தம்பிகளுக்கு நாலு வார்த்தை. ரிலே காயிலுக்குக் குறுக்கே டையோடு போடாமல் விடாதீங்க. காயில் அணையும்போது கிளம்பும் எதிர் வோல்ட்டேஜ் டிரான்சிஸ்டரைச் சாகடிக்கும். ரிலே வழியாக ஃபேஸ் வயர்தான் போகணும். நியூட்ரலை வெட்டினால் விளக்கு அணைந்தும் ஹோல்டரில் ஷாக் இருக்கும். மெயின் லைன் வேலையை மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டு, தெரிந்த வயர்மேன் பக்கத்தில் இருக்கும்போதே செய்யுங்க. பழைய ஸ்விட்சைக் கழற்றாதீங்க. ரிமோட் பாட்டரி தீர்ந்த ராத்திரியில் அதுதான் துணை. கரண்ட் போய்த் திரும்பினால் விளக்கு எரிந்தபடி எழுகிறதா, அணைந்தபடி எழுகிறதா என்று முதலிலேயே சோதியுங்க. கடையில் விற்கும் ரிமோட் பல்புகளில் பல, கரண்ட் வந்ததும் தானே எரியத் தொடங்கிவிடும்.

உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஆயா பட்டனை அமுக்கினார். திண்ணையில் வெளிச்சம். வாங்கும் பக்கத்து சர்க்யூட் முழுவதையும் சோல்டர் பண்ணினவன் அவர் பேரன்தான். படிப்பை விடும் பேச்சு அதற்குப் பிறகு அவன் வாயில் வரவில்லை. அரியர் ரெண்டையும் முடித்துவிட்டான்.

பூட்டு போடாத மனிதர்

1896-ல் லண்டன் பல்கலைக்கழகம் போஸுக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தன் கருவியைச் செய்து காட்டினார். பெரிய பெரிய மேதைகள் வியந்தார்கள். இதே காலத்தில் இத்தாலியின் மார்க்கோனி, கம்பியில்லாத் தந்தியைத் தொழிலாக வளர்த்துக்கொண்டிருந்தார். ரஷ்யாவில் போபோவ், இங்கிலாந்தில் லாட்ஜ் என்று பலர் அதே மலையை வேறு வேறு பக்கத்திலிருந்து ஏறினார்கள். யார் முதல் என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. இரும்பும் பாதரசமும் கொண்ட ஒரு வாங்கியைப் பற்றிப் போஸ் 1899-ல் ராயல் சொசைட்டியில் கட்டுரை வெளியிட்டார். 1901-ல் அட்லாண்டிக் கடலைத் தாண்டிய சைகையை மார்க்கோனி கேட்டது அந்த வகைச் சாதனத்தால்தான் என்று 1998-ல் ஓர் இந்திய ஆய்வாளர் விரிவாக எழுதினார்.

போஸ் இந்த வழக்கில் சேரவே இல்லை. அறிவு எல்லோருக்கும் பொது, அதை விற்பதற்கில்லை என்பது அவர் கொள்கை. கருவியை மூடி வைக்காமல் எல்லார் முன்னாலும் பிரித்துக் காட்டினார். நண்பர்கள் வற்புறுத்தி 1901-ல் அமெரிக்காவில் விண்ணப்பம் போட வைத்தார்கள். 1904-ல் கலீனா படிகத்தில் அமைந்த உணர்விக்குக் காப்புரிமை கிடைத்தது. அதையும் பயன்படுத்தாமலே காலாவதியாக விட்டுவிட்டார். இது சரியா தப்பா என்று எங்க ஹாஸ்டலில் ராத்திரி முழுக்க வாதம் நடந்தது. பணம் வந்திருந்தால் இந்தியாவில் பெரிய ஆராய்ச்சிக்கூடமே எழுந்திருக்குமே என்றான் ஒருவன். என் கருத்து இதுதான்: அவர் கதவைப் பூட்டவில்லை என்பதால் நாம் எல்லோரும் உள்ளே போகிறோம்.

பிறகு அவர் தாவரங்கள் பக்கம் திரும்பினார். வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்ற கருவியைச் செய்தார். எதிர்ப்பும் கேலியும் வந்தன, தாங்கினார். 1917-ல் சர் பட்டம். அதே ஆண்டு தன் பிறந்தநாளில் கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். 1920-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். சத்தியேந்திரநாத் போஸ், மேகநாத் சாகா இருவரும் பிரசிடென்சியில் அவரிடம் படித்தவர்கள். 1937 நவம்பர் 23 அன்று கிரிதியில் அவர் உயிர் பிரிந்தது. 79 வயது நிறைய ஒரு வாரம்தான் பாக்கி.

அவர் கையாண்ட மில்லிமீட்டர் அலையை உலகம் வெகுகாலம் மறந்தே கிடந்தது. 60 ஜிகாஹெர்ட்ஸில் இயங்கும் வை-ஃபைக்கு 2012-ல்தான் தரம் வகுத்தார்கள். அதே 2012-ல், உலக மின்பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ. அவருடைய பரிசோதனையை மைல்கல்லாக அறிவித்துப் பலகை வைத்தது. நூறு ஆண்டுக்கு மேல் தாமதமாக வந்த சம்பளப் பாக்கி என்றுதான் எனக்குத் தோன்றியது!

நண்பர்களே! வீட்டில் ரிமோட் பல்பின் ரிசீவரோ பழைய ரிமோட் காரோ கெட்டுக் கிடந்தால் குப்பையில் போடாதீங்க. கரண்ட் இணைப்பு இல்லாதபோது திறந்து பாருங்க. ஆன்டெனா எது, ரிலே எது என்று விரல் வைத்துக் கண்டுபிடிங்க. தெரிந்ததைப் பக்கத்து பெஞ்சு நண்பனுக்குச் சொல்லிக் கொடுங்க. முக்கியமாக, இது நமக்கு வராது என்று ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் நண்பனுக்கு. சக்தி அவனிடமே இருக்கிறது. அவனுக்கு வேண்டியது ஒரு சைகைதான்.

வளர்க மாணவர் ஒற்றுமை!